விருப்பு இலக்கம்: பதுளைக் குறிப்புகள்

2019 ஆகஸ்டில் பதுளையில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னும் யாரும் போதுமான அளவு எழுதவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச, ஜனாதிபதித் தேர்தலில் தான் நிச்சயம் போட்டியிடுவதாக அந்த மேடையில்தான் அறிவித்தார். கட்சி அப்போது யாரையும் வேட்பாளராகத் தெரிவு செய்திருக்கவில்லை. தலைவர் ரணில் விக்கிரமசிங்க பிரதமர் பதவியில் இருந்தார். கட்சித் தலைமை 1994 முதல் அவர் கையில்தான். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர் பதுளையின் ஹரின் பெர்னாண்டோ.

கட்சித் தலைமையகமான சிறிகொத்தாவுக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயத்தை ஏன் பதுளைக்குக் கொண்டுவந்தார்கள்? உள்ளே பேசினால் தோற்றுவிடுவார்கள் என்பதால்தான். செயற்குழுவில் தலைவருக்கு வேண்டியவர்களே அதிகம். அங்கே கை எண்ணினால் சஜித்துக்கு வாய்ப்பு மெலிது. அதனால் முதலில் ஜனத்தைக் காட்டிவிட்டுப் பிறகு குழுவுக்குப் போனார்கள். பதுளைக்குப் பிறகு மாத்தறை, அதற்குப் பிறகு குருநாகல். செப்டெம்பர் 26ஆம் திகதி செயற்குழு சஜித்தை வேட்பாளராக ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் இதே வேலையை கட்சி ஆதரவாளர்கள் வாக்குச் சாவடிக்குப் போய் மாநிலம் மாநிலமாகச் செய்கிறார்கள். நமக்கு அந்த ஏற்பாடு கிடையாது. இங்கே மைதானத்தில் கூடிய தலைகளை எண்ணித்தான் ஒரு கட்சி தன் மனத்தை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. பஸ் பிடித்து ஆள் கொண்டுவர வசதியுள்ளவருக்கே அந்த வழியும் திறக்கும்.

நவம்பர் 16இல் சஜித் தோற்றார். நுவரெலியா மாவட்டம் அவர் பக்கம் நின்றது. கூட்டம் நடந்த பதுளை மாவட்டத்திலோ கோட்டாபய ராஜபக்ஷ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் முந்தினார். வேட்பாளர் இடத்தை வென்ற சஜித்தால் கட்சியை வெல்ல முடியவில்லை. 2020 பெப்ரவரியில் அவர் தலைமையில் ஐக்கிய மக்கள் சக்தி பிறந்தது. அந்த ஆகஸ்டில் நடந்த பொதுத் தேர்தலில் அதற்கு 54 ஆசனங்கள். யானைச் சின்னத்தோடு தாய்க்கட்சியில் தங்கியிருந்த ரணிலுக்குத் தேசியப் பட்டியல் வழியாக ஒரேயோர் ஆசனம். அந்த ஓர் ஆசனத்தோடு அவர் 2022இல் ஜனாதிபதியானார். பதுளை மேடையைக் கட்டிய ஹரின் அவருடைய அமைச்சரவைக்கே போய்ச் சேர்ந்தார்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நம் நாட்டில் ஒரு தலைவரை எதிர்ப்பவர் வாக்கெண்ணிக்கையில் தோற்பதில்லை. வாக்கெடுப்பு என்ற ஒன்று நடப்பதற்கு முன்பே தோற்கிறார், அல்லது வீட்டை விட்டுப் போய்விடுகிறார்.

*

எண்ணிப் பார்த்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1994இல் ஐ.தே.க. ஆட்சியை இழந்தபின் எதிர்க்கட்சித் தலைவர் யார் என்று அக்கட்சியின் பாராளுமன்றக் குழு வாக்களித்தது. காமினி திசாநாயக்க மூன்றே வாக்கு வித்தியாசத்தில் ரணிலை முந்தினார். அந்த அக்டோபர் 24இல் தொட்டலங்கக் குண்டுவெடிப்பில் காமினி கொல்லப்பட்டார். அந்த மூன்று வாக்கு நாட்டை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாக்கெடுப்பு வைத்தால் முன்னணியில் நிற்பவர் தோற்கலாம் என்பதற்கு அது சாட்சி. அதன் பிறகு அக்கட்சியில் தலைமைக்கு அவ்வளவு நெருக்கமான எண்ணிக்கை வரவே இல்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பொதுத் தேர்தலுக்கு வேட்புமனுவில் கையொப்பமிடுவது கட்சியின் செயலாளர். பட்டியலில் பெயர் வருவதும் வராததும் அந்தப் பேனாவில். வென்று பாராளுமன்றம் போன பிறகும் பயம் தீர்வதில்லை. அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை, கட்சி உறுப்புரிமையை இழந்தவரின் ஆசனமும் போய்விடும் என்கிறது; ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அவ்வளவுதான். ஹரினும் மனுஷ நாணயக்காரவும் ஐக்கிய மக்கள் சக்தியிலிருந்து நீக்கப்பட்டது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் தலைவரை எதிர்த்துக் கூட்டம் போட்டவர், பிறகு வேறொரு தலைவரை மீறியதற்காக ஆசனத்தை இழந்தார்.

கட்சி தாவுகிறவர்களைக் கட்டுப்படுத்தத்தான் இந்த உறுப்புரை என்பார்கள். நியாயம் இருக்கிறது. தோட்டத்து வாக்கை வாங்கிக்கொண்டு மறுவாரமே அமைச்சர் காரில் ஏறியவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே கயிறு, கட்சிக்குள் நின்று நேர்மையாகக் கேள்வி கேட்கிறவர் கழுத்திலும் விழுகிறது.

*

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். கதை இந்தியாவில் தொடங்குகிறது.

1939 ஜனவரியில் இந்தியக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்றார். காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377. வாக்கில் வென்ற போஸ் செயற்குழு இல்லாமல் கட்சியை நடத்த முடியாமல் ஏப்ரல் கடைசியில் பதவியைத் துறந்தார். அந்த ஜூலையில் நேரு கொழும்பு வந்தார். அவர் முன்னிலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம். அந்தத் தொழிற்சங்கமே பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. நம் மூத்த சங்கத்தின் தாயமைப்பு பிறந்த ஆண்டு, தாய்நாட்டுக் காங்கிரஸில் தெரிவு செய்யப்பட்ட ஒரு தலைவர் நிற்க இடமில்லாமல் வெளியேறிய ஆண்டுமாகும். தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அந்தத் திகதிகளை அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ஆரம்ப காலத்தில் இங்கே போட்டி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். அப்துல் அஸீஸும் சௌமியமூர்த்தி தொண்டமானும் மாறி மாறித் தலைமை வகித்தார்கள். இராஜலிங்கம் தலைவராக இருந்திருக்கிறார். 1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியில் எஸ்.எம். சுப்பையா காங்கிரஸ் சார்பில் வென்றார். பல பெயர்கள் ஒரே கொடியின் கீழ் இருந்த காலம் அது. 1948, 1949 சட்டங்கள் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. வாக்கில்லாத மக்களுக்குச் சங்கம் மட்டுமே மிஞ்சியது. சங்கத்துக்குள் யார் பெரியவர் என்ற போட்டி, வெளியே பாய வழியில்லாமல் உள்ளேயே கொதித்தது. 1956இல் அஸீஸ் தனியே ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார்.

அதற்குப் பிறகு இ.தொ.கா.வில் தொண்டமானுக்கு எதிரே நின்றவர் யாரும் நிலைக்கவில்லை. அவருடைய சாதனைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நாடற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட இலட்சக்கணக்கானோருக்கு 1988 சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை கிடைத்ததில் அவர் பங்கு பெரிது. அப்படிப்பட்டவரை எதிர்த்து ஒரு தோட்டத் தலைவரோ மாவட்டப் பிரதிநிதியோ என்ன சொல்லிவிட முடியும்? வென்று கொடுத்த தலைவரை எதிர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நீண்டகாலம் பொதுச் செயலாளராக இருந்த எம்.எஸ். செல்லசாமியே தொண்ணூறுகளில் முரண்பட்டு வெளியேறினார். 1999 அக்டோபர் 30இல் தொண்டமான் மறைந்தார். பேரன் ஆறுமுகன் தலைமைக்கு வந்தார். 2020 மே 26இல் ஆறுமுகன் திடீரென்று மறைந்தபோது வேட்புமனு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வெற்றிடத்துக்கு மகன் ஜீவனின் பெயர் போனது. ஆகஸ்டில் நுவரெலியா மாவட்டம் அவருக்கு ஒரு இலட்சத்துக்கும் மேலான விருப்பு வாக்குகளைக் கொடுத்தது. மக்கள் மனமுவந்து கொடுத்த வாக்கு அது, அதில் சந்தேகமில்லை. என் கேள்வி அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றியது. சந்தா கட்டும் தொழிலாளி ஒருவரிடமாவது, இந்த இடத்துக்கு வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்கப்பட்டதா?

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆறுமுகனுக்குப் பிறகு ஜீவன் முதலில் ஏற்றது பொதுச் செயலாளர் பொறுப்பு. வேட்புமனுவில் யாருடைய கையொப்பம் செல்லும் என்பது தெரிந்தால் இந்த வரிசை புரியும்.

*

வெளியேறுவது எவ்வளவு சுலபம் என்றால், தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். 1935இல் எழுதிய சட்டம். அன்று அது தொழிலாளிக்குப் பாதுகாப்பாக இருந்தது. முதலாளி சங்கமே வேண்டாம் என்ற காலம். இன்று அதன் விளைவு வேறு. தலைவரோடு மனத்தாங்கல் ஏற்பட்ட ஒவ்வொருவரும் ஏழு கையெழுத்தோடு புதுக் கொடி ஏற்றுகிறார்கள். மறுபுறம், சங்கத்தோடு பேச முதலாளி சட்டப்படி கட்டுப்படுவது தொழிலாளரில் 40 வீதமாவது அதில் இருந்தால்தான். அது 1999இல் வந்த திருத்தம். ஏழுக்கும் நாற்பது வீதத்துக்கும் நடுவில்தான் மலையகத்தின் எத்தனையோ சங்கங்கள் காலம் தள்ளுகின்றன.

சந்திரசேகரன் 1989இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியது வெளியேறியவர் வென்ற கதை. 1994இல் சுயேச்சைக் குழுவாக நுவரெலியாவில் ஓர் ஆசனம் எடுத்தார். சந்திரிகா அரசுக்கு 113 என்ற பெரும்பான்மையை நிரப்பியது அந்த ஓர் ஆசனம். தோட்டத்து இளைஞன் ஒருவன் பெரிய சங்கத்தைத் தாண்டி எழும்பலாம் என்று அன்று பதுளைப் பக்கப் பையன்களும் நம்பினார்கள். எனக்கு அந்த உற்சாகம் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவருக்குப் பிறகு அந்தக் கட்சியிலும் தலைமைக்கு உறுப்பினர் வாக்களிக்கும் முறை வரவில்லை. அதன் பதுளை முகமாக இருந்த அரவிந்தகுமார், 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தியபின் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் செய்தது சரியென்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வாக்களித்த பதுளைத் தோட்டத்தவரிடம் அவரும் கேட்கவில்லை, அவரை நீக்கியவர்களும் கேட்கவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு உண்மையில் உள்ள வாக்கு சந்தாதான். சம்பளத்தில் எந்தச் சங்கத்துக்குப் பிடிக்கவேண்டும் என்று கையெழுத்துப் போட்டுத் தோட்டத்து ஒப்பீசில் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றிக் கொடுக்கலாம். அதை மக்கள் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஒரு லயத்தில் மூன்று வீட்டில் மூன்று சங்கம் இருப்பது ஹாலிஎலவிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் புதினமே அல்ல. ஆனால் அந்தத் தாள் ஒப்பீசுக்குப் போகிறது. துரைக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், பழைய தலைவருக்கு அன்று மாலையே தெரியும். இரகசியமில்லாத வாக்கு அது.

*

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் மாதர் தலைவியாக இருக்கும் ஒரு அக்காவிடம் கேட்டேன். நல்ல பேச்சாளி, கூட்டத்தில் எதிர்க்கேள்வி போடுபவர்.

"அக்கா, நீங்க தோட்டத் தலைவருக்கு நிக்கலாமே?"

"நின்னா யாரு தம்பி கை தூக்குவா? கோயில் வாசல்லதான் கூட்டம். தூக்குற கையத் தலைவரு பாத்துக்கிட்டு நிப்பாரு. நாளைக்கு லீவுக்கும் தீவாளி அட்வான்சுக்கும் ஈபிஎப் பேப்பருக்கும் அவருகிட்டத்தானே போகணும்."

"சீட்டுப் போட்டு எடுத்தா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்பிடின்னா பொம்பளைங்க போடுவாங்க" என்றார்.

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தா அவர்கள் பேரில்தான் அதிகம் பிடிபடுகிறது. நிறுவை மடுவத்தில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதும், பிள்ளைக் காம்பராவில் பால்மா இருக்கிறதா என்பதும், மலையில் மலசலகூடம் இல்லாமல் படும் பாடும் அவர்களுக்குத்தான் தெரியும். தலைவர் பதவியோ பெரும்பாலும் ஆணுக்கு, மாதர் தலைவி என்ற பெயர் பெண்ணுக்கு. இந்தப் பங்கீடு எத்தனை தலைமுறையாக ஓடுகிறது! சாதியும் சேர்ந்துகொள்கிறது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெறும் குடும்பமே கமிட்டியிலும் முன்வரிசையில் நிற்கிறது. அதைச் சபையில் சொல்ல எல்லோரும் தயங்குகிறார்கள்.

*

விருப்பு வாக்கு. தோட்டத்தில் மனாப்பே என்பார்கள். இலங்கையில் கட்சிக்குள் போட்டி என்று மெய்யாக நடப்பது இது ஒன்றுதான். எனவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1989 பொதுத் தேர்தல் முதல் நடைமுறையில் இருக்கிறது. வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுகிறார். பிறகு அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு இலக்கங்களுக்குப் புள்ளடி இடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை முதல் புள்ளடி தீர்க்கும். அந்த ஆசனங்களில் யார் உட்காருவது என்பதை இரண்டாவது தீர்க்கும். ஆக, ஒவ்வொரு வேட்பாளருக்கும் மிக அருகிலுள்ள எதிரி தன் கட்சிக்காரரே. இதனால் நடந்த அடிதடிகளும், வீசப்பட்ட பணமும், ஒரே கட்சிச் சுவரொட்டியை அதே கட்சிக்காரர் கிழித்த இரவுகளும் பதுளைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்து இந்த முறையையே ஒழிக்கவேண்டும் என்பவர்கள் பலர். நான் அவர்களோடு உடன்படவில்லை. பட்டியலை எழுதியது செயலாளராக இருந்தாலும், அதன் வரிசையைத் திருத்தும் உரிமையை இது தோட்டத்துப் பெண்ணின் கையில் கொடுத்தது.

பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தனிப் பட்டியலில் நின்றால் ஆசனம் எடுப்பது கடினம். தேசியக் கட்சியின் பட்டியலில் ஏறினால், அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய மனிதர் முன்னணியில் இருப்பார். அவரை முந்துவது எண்ணிக்கைப்படியே நடக்காத காரியம். பிறகு எப்படி? அவரை முந்தாமல் அவருக்குக் கீழே இடம் பிடிப்பது. இதைத் தோட்டத்து வாக்காளர் எந்த வகுப்புக்கும் போகாமல் கற்றுக்கொண்டார்கள்.

2010இல் பதுளையிலிருந்து பாராளுமன்றத்துக்கு ஒரு தமிழரும் போகவில்லை. பட்டியல் பலவாகி, தமிழ்ப் பெயர்கள் பலவாகி, வாக்குச் சிதறியது. நான்கு ஆண்டு கழித்து, 2014 செப்டெம்பர் 20இல் ஊவா மாகாண சபைத் தேர்தல். ஹரின் பெர்னாண்டோ தன் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்துவிட்டு முதலமைச்சர் வேட்பாளராக வந்தார். ஆளும் கூட்டணி வென்றாலும் அதன் வாக்கு 2009இன் 72 வீதத்திலிருந்து 51 வீதத்துக்கு இறங்கியது. அசைக்க முடியாதவர் என்று கருதப்பட்ட மஹிந்த ராஜபக்ஷ அசைவார் என்பதற்கு முதல் அடையாளம் ஊவாவில்தான் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் அவருடைய அமைச்சரவையிலிருந்து வெளியேறி வந்த மைத்திரிபால சிறிசேன, பதுளை மாவட்டத்தில் அவரை 281 வாக்குகளால் முந்தினார். ஒரே வாக்குச் சாவடிக்குள் அடங்கும் கணக்கு அது. எந்தத் தோட்டத்துச் சாவடி என்று யார் சொல்வது?

அந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவில், 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே மண்சரிவு அபாயம் உண்டென்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் வாக்குக் கேட்டு அந்தப் பாதையால் எத்தனை வாகனம் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. தலைமைக்குப் போட்டி இல்லாத இடத்தில் எச்சரிக்கைக் கடிதம் மேசையிலேயே கிடக்கும். 'நீ ஏன் செய்யவில்லை, நான் செய்கிறேன்' என்று சொல்ல உள்ளே இன்னொருவர் இருந்திருக்கவேண்டும்.

2015 ஆகஸ்ட் பொதுத் தேர்தல். ஐ.தே.க. பட்டியலில் ஹரினுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல் விருப்பு வாக்கு. அதே பட்டியலில் வடிவேல் சுரேஷும் அரவிந்தகுமாரும் தலா ஐம்பதாயிரத்தைத் தாண்டி வென்றார்கள். கட்சிக்கு ஐந்து ஆசனம், அதில் இரண்டு தமிழருக்கு. முன்னணியில் இருந்தவர் வாரிக் குவித்த கட்சி வாக்கே ஆசனங்களைக் கூட்டியது. தோட்டத்தவர் மூன்று புள்ளடியில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் சிதறாமல் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டை எந்தக் கொழும்பு ஆய்வாளரும் அப்போது சரியாகப் பாராட்டவில்லை.

2020இல் இதன் மறுபக்கம் தெரிந்தது. பொதுஜன பெரமுனவின் மொட்டு ஆறு ஆசனம் எடுத்தது. அந்தப் பட்டியலில் நின்றவர் இ.தொ.கா.வின் செந்தில் தொண்டமான், ஊவா மாகாண அமைச்சராக இருந்தவர், மாவட்டம் முழுக்க அறிமுகமானவர். அவர் தோற்றார். ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசி மூன்று ஆசனம்தான் எடுத்தது. அதில் இருவர் தமிழர், மீண்டும் சுரேஷும் அரவிந்தகுமாரும். வெல்லும் பட்டியலில் ஏறுவதா, தோற்கும் பட்டியலில் ஏறுவதா என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. வெல்லும் பட்டியலில் நுழைவாயில் உயரம். அங்கே சிங்களக் கிராமங்களின் பெரிய பெயர்கள் வரிசையாக நிற்பார்கள். அமைச்சர் பதவிக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதற்காகவே நம் சங்கத் தலைமைகள் எப்போதும் வெல்லும் பட்டியலைத் தேடுகின்றன. அதில் பதுளைத் தொழிலாளிக்கு என்ன இலாபம் என்று தனியே கணக்குப் பார்க்கவேண்டும். நுவரெலியாவின் கணக்கு வேறு, பதுளையின் கணக்கு வேறு. முடிவு மட்டும் எப்போதும் மேற்கே, கொட்டகலையிலோ கொழும்பிலோ எடுக்கப்படுகிறது.

2024 நவம்பர். தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிப் பட்டியலில் சமந்த வித்தியாரத்னவுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல். அவருக்குப் பின்னால் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் ஐம்பதாயிரத்தைத் தாண்டி வந்தார்கள். அந்தக் கட்சி தனித்தனியே விருப்பு வாக்குக் கேட்கக் கூடாதென்று தன் வேட்பாளர்களைக் கட்டுப்படுத்தியிருந்தது. அப்படியிருந்தும் தோட்டத்தவர் பட்டியலில் தம் பெயர்களைத் தேடிப் புள்ளடி போட்டார்கள். மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர் முதன்முதலாக மக்கள் வாக்கில் நேரடியாகப் பாராளுமன்றம் போனது அந்தத் தேர்தலில்தான். பதுளையில் அம்பிகா, நுவரெலியாவில் கலைச்செல்வி. எண்பது ஆண்டு சங்க அரசியலில் மாதர் தலைவிக்குத் திறக்காத கதவு, சங்கத்துக்கு வெளியே இருந்த கட்சியொன்றில் திறந்தது. சங்கங்கள் இதை நினைத்து வருந்தவேண்டும். அந்தக் கட்சியிலும் பட்டியலை எழுதியது மேல்மட்டமே, உறுப்பினர் வாக்கு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

*

உலகத்தில் வேறெங்கும் கட்சித் தலைமைக்குப் போட்டி சுலபமாக நடந்திருக்கிறதா? 2000இல் இந்தியக் காங்கிரஸ் தலைவர் பதவிக்குச் சோனியா காந்தியை எதிர்த்து ஜிதேந்திர பிரசாதா நின்றார். 94 வாக்கு, சோனியாவுக்கு 7,448. 2022இல் மல்லிகார்ஜுன கார்கேயை எதிர்த்த சசி தரூருக்கு 1,072. தோல்விதான். ஆனால் தரூர் தோற்றபின்னும் கட்சியில் இருந்தார், 2024இல் அதே கட்சியில் வேட்பாளராகி மீண்டும் வென்றார். தோற்ற பிறகும் வீட்டில் இடமிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தோற்குமுன்பே வீட்டை விட்டுப் போகிற நமக்குத்தான் தெரியும். பிரித்தானியத் தொழிற்கட்சியில் 2015இல் ஜெரமி கோர்பின் போட்டியில் நுழையவே 35 பாராளுமன்ற உறுப்பினர்களின் முன்மொழிவு வேண்டியிருந்தது. கடைசி நிமிடங்களில் 36 கிடைத்தது. வாசலைக் கடந்ததும் கட்சி உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் கிட்டத்தட்ட 60 வீத வாக்கைக் கொடுத்தார்கள். மேலே இருப்பவர்கள் நினைப்பதும் கீழே இருப்பவர்கள் விரும்புவதும் எவ்வளவு தூரம் விலகியிருக்கலாம் என்பதை வாக்குப் பெட்டி திறந்த பிறகுதான் அங்கேயும் அறிந்தார்கள்.

*

பிரதேச சபைகளுக்கு இப்போது வட்டார முறை. 2018இலும் 2025 மே 6இலும் அப்படித்தான் நடந்தது. பெரும்பாலான வட்டாரங்களில் கட்சி ஒரே பெயரை நிறுத்தும், விருப்பு வாக்குக் கிடையாது. பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்ற சட்டம் வந்தது நல்ல காரியம். ஆனாலும் கூடுதல் பட்டியலிலிருந்து எந்தப் பெண்ணைக் கூப்பிடுவது என்பதைக் கட்சியே தீர்மானிக்கிறது. மனாப்பே இருந்தபோது கிடைத்த சிறு திருத்தமும் இங்கே இல்லை. ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது, மறு தேர்தல் வரவில்லை. பதுளையின் இளைஞர் ஒருவர் பாராளுமன்றத்துக்கு முன் தன்னைப் பரீட்சித்துப் பார்க்க இருந்த படி அது. செந்தில் அந்தப் படியை மிதித்தவரே.

எனவே நான் சங்கங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த பட்டியல் எழுதுமுன் ஒவ்வொரு தோட்டத்திலும் சீட்டுப் போட்டு வாக்கெடுங்கள். தோட்டக் கமிட்டிக்கும் அப்படியே, மாவட்டத்தின் வேட்பாளருக்கும் அப்படியே. செலவு அதிகம் என்பார்கள். சந்தாப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே வாக்காளர் இடாப்பு. வாசிகசாலை இருக்கிறது, பாடசாலை இருக்கிறது. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு என்ன செய்வது என்பார்கள். சேவலுக்கும் யானைக்கும் மண்வெட்டிக்கும் புள்ளடி போட்டுப் பழகிய பாட்டி அவர். வேட்பாளரின் படத்தை அச்சிட்டுக் கொடுத்தால் போடுவார். கம்பனிக்காரர் புகுந்து குழப்புவார்கள் என்பது கொஞ்சம் கனமான எதிர்ப்பு. அதற்கு எண்ணும் இடத்தைத் தோட்டத்துக்கு வெளியே, பசறையிலோ பண்டாரவளையிலோ வைக்கலாம். ஒரு சங்கத்து வாக்கை எண்ணும்போது பக்கத்துச் சங்கத்துக்காரர் ஒருவரை சாட்சியாக உட்காரவைக்கலாம்.

பெரிய தலைவர்கள் தோற்றுவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் அவர்களே வெல்வார்கள். தம்பேதென்னையில் நூறு பேர், ஸ்பிரிங்வெளியில் எண்பது பேர் வேறொரு பெயருக்குப் போட்டிருந்தால் அந்த எண்ணிக்கை தாளில் இருக்கும். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது தலைவர் அந்தத் தாளையும் பையில் வைத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும்.